சிறுகிழங்கை யார் வாங்குவார்?

தாமிரபரணிக் கரையில் விளையும் பண்டங்கள் சமையல் தெரிந்த கைகளுக்கே உரியவை என்றும், இப்போதுதான் அடுப்படிக்குள் நுழையும் இளைஞரிடமும் புதுமணத் தம்பதியரிடமும் பாக்கெட் மாவும் ஆயத்த மசாலாவும்தான் விலைபோகும் என்றும் ஒரு கருத்து திருநெல்வேலி வட்டாரத்தில் ஊறிப்போயிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்பதில்லை.

நெல்லைச் சமையல் கடினமானது என்பது முதல் காரணம். உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு அரிசி, அதில் பாதியளவு தொலி உளுந்து, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்த்துருவல், உப்பு போதும். எல்லாவற்றையும் ஒரே குக்கரில் வைத்து இறக்கிவிடலாம். வதக்கும் பக்குவமோ மசாலா அரைக்கும் வேலையோ இதில் கிடையாது. முதல்முறை சமைப்பவருக்கு இதைவிட இணக்கமான உணவு அரிது. சொதி சற்று வேறு. கெட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும், எலுமிச்சைச் சாறு அதற்கும் பின்னர்தான். இந்த ஓர் இடத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். தேங்காய் விற்பவர் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட முடியும்.

சிறுகிழங்கு இதைவிடத் தெளிவான சான்று. மார்கழி, தை மாதங்களில் கடையம், பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து மண்ணோடு வந்து குவியும் இந்தக் கிழங்கைப் புதியவர்கள் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். சுவை பிடிக்காததால் அல்ல, தோலை எப்படி எடுப்பது என்று தெரியாததால்தான். கத்தியால் சீவினால் கையில் கறை ஏறும், கிழங்கில் பாதி வீணாகும். ஊர்ப் பெண்கள் செய்வது வேறு: தண்ணீரில் ஊறவைத்து, சாக்குப் பைக்குள் போட்டு, சொரசொரப்பான தரையில் அடித்துத் தேய்ப்பார்கள், தோல் தானே கழன்றுவிடும். கிழங்கோடு சேர்த்து இந்த வித்தையையும் கொடுக்காத கடை பாதிப் பண்டத்தைத்தான் விற்கிறது. வாங்குபவரின் ஆர்வக்குறைவை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

புவிசார் குறியீடும் நல்ல உறையும் இருந்தால் போதும் என்பது இன்னொரு வாதம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இலும் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இலும் இக்குறியீடு கிடைத்தது. ஆனால் மிட்டாயை வாங்கியவர் உடனே தின்னலாம். கருப்பட்டியை வாங்கியவர் தட்டி, கரைத்து, மணல் போக வடிகட்ட வேண்டும். கொதிக்கும் பாலில் நேரே போட்டால் பால் திரிந்துபோகக்கூடும். ஒருமுறை திரிந்தால் அந்த வீட்டில் மறுபடி சர்க்கரைதான். பெயரும் முத்திரையும் ஒரு பொருளை வீட்டு வாசல்வரை கொண்டுவரும். அடுப்பில் ஏற்றுவதற்குச் செய்முறை வேண்டும்.

உள்ளூர்ப் பொருள் விலை கூடுதல் என்ற பேச்சு அலங்காரக் கடைகளைப் பார்த்து எழுந்தது. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் விவசாயி வாடகையோ தரகோ கொடுப்பதில்லை. பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையும் அத்தகையதே. கால் கிலோ வாங்கிப் பழகிப்பார்க்க நினைக்கும் புதியவருக்கு ஏற்ற இடம் அது.

புதியவர்கள் உள்ளூர் விளைச்சலை விரும்புவதில்லை என்பதும் உண்மையன்று; பெயர் தெரியாமலே அதை உண்கிறார்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 என்ற குண்டு ரகம் இட்லிக்கென்றே பேர்பெற்றது. ஆனால் அது ‘இட்லி அரிசி’ என்ற பொதுப்பெயரில் மூட்டை ஏறிவிடுகிறது. நாலுக்கு ஒன்று உளுந்து என்ற அளவோடு, அம்பை அரிசி என்ற பெயரையும் பையில் அச்சிட்டால், பாக்கெட் மாவு வாங்குபவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மாவாட்டிப் பார்ப்பார்.

எஞ்சியிருப்பது நேரமில்லை என்ற காரணம். இது ஓரளவு மெய்தான். காலையில் கூடும் சந்தைக்கு வேலைக்குப் போகிறவர்களால் தினமும் வர இயலாது. ஆனால் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் சமையல் அல்ல, எதை எவ்வளவு வாங்குவது என்ற திகைப்பு. பொங்கலுக்கு முந்திய நாள்களில் நெல்லைக் கடைத்தெருவில் மஞ்சள்குலையும் பனங்கிழங்கும் சிறுகிழங்கும் சேனையும் அருகருகே இருக்கும், வாங்க வந்தவர் யோசிக்காமல் பையை நிரப்பிக்கொண்டு போவார். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு, ஒரு தேங்காய், ஓர் எலுமிச்சை, துவையலுக்கு இஞ்சி என்று சொதிக்கு வேண்டியதை அதே முறையில் ஒரு பையாகக் கட்டி சனிக்கிழமை மாலையில் விற்பதற்குப் புது முதலீடு எதுவும் தேவைப்படாது.