நம் பேரில் வங்கி கட்டும் வரி

வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் வீடு வாங்கிய தமிழர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வோம்: ஸ்கூல். ஆஷ்பர்னோ சவுத் ரைடிங்கோ, சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்தோம். அந்தப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

பார்க்காமல் இருப்பது சுலபமாகவும் இருந்தது. வீட்டு வரியை நம்மில் பலர் கையால் கட்டுவதே இல்லை. மாதத் தவணையோடு சேர்த்து வங்கி பிடித்துக்கொண்டு, ஜூனிலும் டிசம்பரிலும் கவுண்டிக்கு அனுப்பிவிடும். 2025இல் வரி விகிதம் நூறு டாலர் மதிப்புக்கு 80.5 சென்ட். எட்டு லட்சம் டாலர் வீடென்றால் வருஷத்துக்கு 6,440 டாலர். அதைப் பற்றி நாம் வாய் திறந்ததில்லை. கார் வரிக்கான பில் மட்டும் நேராக நம் பேருக்கு வருகிறது. அன்றைக்கு வாட்ஸப் குழு கொதிக்கும். “ஓட்டை ஹோண்டாவுக்கு இவ்வளவா?” கண்ணில் படும் வரிக்குச் சண்டை போட்டோம், அதைவிடப் பெரியதை மறந்தே போனோம்.

உள்ளூர் வரிப்பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளிகளுக்கே போகிறது. வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. இவ்வளவு வேண்டும் என்று கேட்கலாம், அவ்வளவுதான். கொடுப்பதா, குறைப்பதா என்று முடிவெடுப்பது ஒன்பது பேர் கொண்ட சூப்பர்வைசர் குழு. டீச்சர் சம்பளம் உயர்வதும், வகுப்பில் இன்னும் இரண்டு பிள்ளைகள் கூடுவதும் அந்த முடிவைப் பொறுத்தது. பிள்ளையின் ஜிபிஏவைத் தசமப் புள்ளியோடு சொல்லும் நம்மில் எத்தனை பேருக்கு நம் பகுதி சூப்பர்வைசரின் பெயர் தெரியும்?

மிச்சப் பணம் ஷெரீப், தீயணைப்பு, நூலகம், மனநலச் சேவை, ஆதரவற்ற குழந்தைகள் என்று பிரிகிறது. அதெல்லாம் யாருக்கோ என்று நினைத்துக்கொண்டோம். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பா பகலெல்லாம் வீட்டில் அடைந்து கிடக்காமல் இருப்பது அந்த லைப்ரரியால்தான்.

பனி பெய்து ரோடு மூடிக்கொண்டால் கவுண்டியைத் திட்டுவோம். ஆனால் வர்ஜீனியாவில் 1932லிருந்தே கவுண்டிச் சாலைகள் மாநிலத்தின் பொறுப்பு. ஆர்லிங்டனும் ஹென்ரைக்கோவும் மட்டும் விலக்கு. யாரைத் திட்டவேண்டும் என்பதைக்கூட விசாரித்து வைத்துக்கொள்ளவில்லை.

நம் கவுண்டியில் எழும்பியிருக்கும் டேட்டா சென்டர்களின் விஷயம்தான் ரொம்பவும் உறுத்துகிறது. 2010இல் நூறு டாலருக்கு 1.30 டாலராக இருந்த வீட்டு வரி விகிதம் இவ்வளவு இறங்கியதில், அந்தக் கட்டடங்களுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் கட்டும் வரிக்குப் பெரிய பங்கு உண்டு. நம்மில் பாதிப்பேர் வயிற்றுப்பாடும் அதே தொழிலில்தான். விகிதம் இறங்கியபோது ஏன் என்று கேட்கவில்லை. ஒரே தொழிலை நம்பி இத்தனை செலவு செய்யலாமா என்ற பேச்சு நடந்தபோதும் நாம் அங்கே இல்லை. வீட்டுக்கு எதிரே ஜன்னலில்லாத சுவர் எழும்பி, மின்கம்பி வரப்போகிறது என்றதும்தான் மனுவில் கையெழுத்துப் போட ஓடினோம். புது டேட்டா சென்டருக்குத் தனி அனுமதி வேண்டும் என்று சூப்பர்வைசர் குழு விதியை மாற்றியதே 2025 மார்ச்சில்தான். அதற்குள் ஆஷ்பர்ன் நிரம்பிவிட்டது.

கதவை யாரும் சாத்தி வைக்கவில்லை. பிப்ரவரியில் பட்ஜெட் வரைவு வெளியாகும். அதையடுத்துப் பொதுமக்கள் பேசும் கூட்டங்கள் நடக்கும். ஏப்ரலில் முடிவாகி ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். எழுந்து நின்று பேசக் குடியுரிமை தேவையில்லை. “விசாவில் இருக்கோம், நமக்கெதுக்கு?” என்று சொல்லிவந்தோம். கிரீன் கார்டு வந்தபோதும் அதையே சொன்னோம். குடியுரிமையும் வந்த பிறகு தமிழ்ப் பள்ளி, நீச்சல் வகுப்பு, பரதநாட்டியம் என்று வேறு காரணங்கள் கிடைத்தன. எல்லாமே நிஜமான வேலைகள்தான், இல்லையென்று சொல்லவில்லை. நவம்பர் வாக்குச்சீட்டின் கடைசியில் பள்ளிக்கும் சாலைக்கும் கடன் வாங்கலாமா என்று ஒரு கேள்வி வரும். நம் பேரில் வாங்கும் கடன். அதைப் படிக்காமலே வட்டத்தை நிரப்பிவிட்டு வந்திருக்கிறோம்.

பொங்கல் விழாவுக்குப் பத்துக் குழு போட்டு, சாம்பாருக்கு எத்தனை கிலோ பருப்பு என்பது வரை கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். அந்த உழைப்பில் ஒரு துளி போதும். வரும் பிப்ரவரியில் வரைவு வந்ததும் பள்ளிப் பகுதியை மட்டுமாவது நாலு பேர் பிரித்துப் படித்து, வாட்ஸப் குழுவில் தமிழில் சுருக்கிப் போடுவோம். லீஸ்பர்க்கில் நடக்கும் பட்ஜெட் கூட்டத்துக்கு இரண்டு கார் சேர்த்துக்கொண்டு போவோம். சூப்பர்வைசர் தேர்தல் 2027 நவம்பரில் வருகிறது. ஓட்டு உள்ளவர்கள் அதற்குள் பெயரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.