நாலாவது வந்தவர்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த திருத்தலம் என்பதுதான் நினைவுக்கு வரும். வீட்டுப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையைச் சொல்வார்கள். மோட்டார்ப் பந்தயம் நடக்கும் ஊர் அல்லவா அது! முன்னெல்லாம் சென்னைவாசிகள் பந்தயம் பார்க்கச் சோழவரத்துக்குப் போவார்கள். இரண்டாவது மகா யுத்தத்தின்போது விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதையே அங்கே பந்தய மைதானமாக உதவிற்று. 1990-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே ஒரு பந்தயத் தடம் அமைத்தார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 3.7 கிலோமீட்டர். அவ்வூரிலுள்ள ஹுண்டாய்த் தொழிற்சாலையிலிருந்து கார் வெளிவரத் தொடங்கியது 1998-இல்தான். ஆகவே, கார் செய்யும் தொழில் வருவதற்கு எட்டு வருஷம் முன்னதாகவே காரை விரட்டும் வித்தை அங்கே வந்து குடியேறிவிட்டது.

அந்தத் தடத்தில் தம் முதல் பந்தயத்தை ஓட்டிய ஒருவரிடம் நமக்கு நெடுநாளாக அபிமானம் உண்டு. கோயமுத்தூரைச் சேர்ந்த ஸ்ரீ நரேன் கார்த்திகேயன்தான் அவர். அவரைப் பற்றி யாரேனும் குறைத்துப் பேசினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து விவாதிக்கவும் நாம் தயார். அப்படி விவாதிக்க நேரும் சந்தர்ப்பங்களும் குறைவில்லை. "என்ன பெரிய சாதனை? ஒரே ஒரு தடவை நாலாவது வந்தார். அதுவும் ஆறே ஆறு வண்டிகள் ஓடிய பந்தயத்தில்!" என்று சிலர் புன்னகை செய்கிறார்கள். இந்தப் புன்னகைக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். கோயமுத்தூர் ஸ்ரீ கரிவரதன் மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய பந்தய வண்டி ஒன்றை உருவாக்கினார். பணக்கார தேசங்களில் லட்சக்கணக்கில் செலவாகும் கல்வியை, நம் பிள்ளைகள் சொற்பச் செலவில் கற்பதற்கு வழி செய்த புண்ணியவான் அவர். 1995-இல் விமான விபத்தில் காலமானார். அந்த 'பார்முலா மாருதி' வண்டியில்தான் கார்த்திகேயன் இருங்காட்டுக்கோட்டையில் பழகினார். பிறகு பிரான்ஸுக்குச் சென்று பயின்றார். 1994-இல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்காலப் போட்டித் தொடரை வென்றார். ஐரோப்பாவில் இந்தியர் ஒருவர் பந்தயப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. 1996-இல் பார்முலா ஆசியாப் பட்டமும் கிடைத்தது. 2005-இல் ஜோர்டான் கம்பெனியின் சாரதியாக, பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார்.

அந்த 2005-ஆம் வருஷம் ஜூன் 19-ஆந் தேதி அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த பந்தயத்தைத்தான் நண்பர்கள் குறிப்பிடுகிறார்கள். வந்திருந்த வண்டிகள் 20. அவற்றில் 14 வண்டிகளுக்கு மிஷெலின் கம்பெனி டயர்கள். அங்குள்ள சரிந்த வளைவின் வேகத்தை அந்த டயர்கள் தாங்கமாட்டா என்று தெரிந்ததும், முன்னோட்டச் சுற்று முடிந்தவுடனே அந்தப் பதினான்கும் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. மிஞ்சிய ஆறில் பெராரி வண்டிகள் இரண்டும் முன்னே சென்றன. ஜோர்டானின் மற்றொரு சாரதியான மான்டெய்ரோ மூன்றாவது, நம்மவர் நாலாவது. அதற்கு ஐந்து புள்ளிகள் கிடைத்தன. இதை மகத்தான வெற்றி என்று நாம் சொல்லப் போவதில்லை. மெய்யான அபிமானத்துக்குப் பொய்ப் புகழ்ச்சி எதற்கு? அவருடைய பெருமையை வேறு இடத்தில் தேட வேண்டும் என்பதே நம் கட்சி.

அமெரிக்கர்கள் ஆடும் பந்தாட்டம் ஒன்று உண்டு. கால்பந்து என்று பெயரே தவிர, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் அதில் பெரிய வேலை. நம் சடுகுடுவில் பாடிச் செல்கிறவனைப்போல் எதிரிகளின் பிடிக்குத் தப்பி ஓட வேண்டும். ஆனால் சடுகுடுவில் போகிறவன் தனியாள். அங்கேயோ, முன்னால் நின்று எதிரிகளை முட்டித் தள்ளி வழி திறந்துவிடத் தன் கட்சியார் வேண்டும். மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரத்துக் கட்சிக்காகப் பாரி சாண்டர்ஸ் என்பவர் 1989 முதல் 1998 வரை ஓடினார். பந்தை ஏந்தி அவர் கடந்த தூரம் 15,269 கெஜம். தோற்றவர் வெளியேறும் பருவ இறுதிப் பந்தயங்களிலோ, அவருடைய கட்சி அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஆட்டந்தான் ஜயித்தது. அதனால் சாண்டர்ஸ் சாமானியர் என்று எந்த அமெரிக்க ரசிகரும் சொல்வதில்லை. கட்சியின் பலவீனத்தைக் கழித்துவிட்டு ஆளின் திறமையை எடை போட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மோட்டார்ப் பந்தயத்திலும் அதே கணக்குத்தான். வண்டி மந்தமானால் சாரதி என்ன செய்வான்? ஒரே மாதிரி வண்டியில் ஏறிய இன்னொருவனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயமான பரீக்ஷை. அந்தப் பரீக்ஷையும் ஒரு நாள் நடந்தது. 2011-இல் கார்த்திகேயன் ஹிஸ்பானியா என்ற கடைநிலைக் கம்பெனிக்கு ஓட்டினார். வருஷத்தின் நடுவில் அவருடைய ஆசனத்தை ரிக்கார்டோ என்ற ஆஸ்திரேலிய இளைஞருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாலு மாதம் பந்தயம் இல்லாமல் இருந்தவரை, அக்டோபர் 30-ஆந் தேதி டில்லிக்கு அருகே முதன்முதலாக நடந்த இந்தியப் பந்தயத்துக்கு மறுபடியும் அழைத்தார்கள். "டாட்டா கம்பெனியின் ஆதரவு இருக்கிறது, ஆசனம் கிடைக்கிறது" என்று அப்போதும் சிலர் முணுமுணுத்தார்கள். ஆதரவு இருந்தது வாஸ்தவம். ஆனால் ஆதரவு வண்டியை ஓட்டாதே! அன்று கார்த்திகேயன் 17-வது. அதே மாதிரி வண்டியில் ரிக்கார்டோ 18-வது. அந்த ரிக்கார்டோ பின்னர் நல்ல வண்டிகள் கிடைத்தபோது எட்டுப் பந்தயங்களில் முதல்வராக வந்தார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பதினேழாவது இடத்துக்குப் பத்திரிகைகள் பெரிய தலைப்புப் போடுவதில்லை. நமக்கோ அந்தப் பதினேழு, இண்டியானாபொலிஸின் நாலைவிடப் பெரிய எண்ணாகப்படுகிறது.

2012-உடன் பார்முலா ஒன் முடிந்தது. மற்றொருவராயிருந்தால் பத்மஸ்ரீப் பட்டத்தை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். அது 2010-லேயே அவருக்குக் கிடைத்திருந்தது. அவரோ ஜப்பானுக்குப் போய் அங்குள்ள சாரதிகளுடன் வருஷக்கணக்காகப் போராடினார். 2019 நவம்பரில், ஜப்பானிய வண்டிகளும் ஜெர்மன் வண்டிகளுமாக இருபதுக்கு மேல் கூடிய பூஜி மைதானப் பந்தயத்தில் ஹோண்டா வண்டியில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42. நம் ஊரில் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் படித்தார்கள்?

நம்முடைய வருத்தமெல்லாம் இதுதான். ஒருவர் கொடி பிடித்துக் கிளம்பும்போது தேசமே மாலை போடுகிறது. முதல் பரிசு வராவிட்டால் அந்த மாலையைத் திருப்பிக் கேட்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து நாலாவது ராங்க்குடன் வரும் குழந்தையை நம் வீடுகளில் வரவேற்கும் முறையும் இதற்கு அதிக வித்தியாசப்பட்டதல்ல. குழந்தை எந்தப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு, எந்த விளக்கடியில் படித்தது என்று கேட்ட பிறகல்லவா மார்க்கைப் பார்க்க வேண்டும்?

அடுத்த பந்தயப் பருவத்தில் நேயர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். தொப்பியும் தண்ணீரும் அவசியம்; வெயில் கடுமை. முதலாவதாக வரும் வண்டிக்குத் தாராளமாகக் கைதட்டுங்கள். பிறகு, புகையைக் கக்கிக்கொண்டு பின்னால் வரும் பழைய வண்டியையும் சற்றுக் கவனியுங்கள். அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒவ்வொரு வளைவிலும் என்ன செய்கிறான் என்று பாருங்கள்.