கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்

"நகரு, நான் பாத்துக்கறேன்."

கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஒரு பெண் தன் நிரல் ஓடவில்லை என்று சொன்ன மறுகணம் காதில் விழும் வாக்கியம் இது. சொல்கிறவன் கெட்டவன் இல்லை. பெரும்பாலும் நல்ல பையன், உதவத்தான் வருகிறான். நாற்காலி நகர்கிறது, மௌஸ் கை மாறுகிறது, இரண்டு நிமிடத்தில் நிரல் ஓடிவிடுகிறது. "அவ்ளோதான்" என்கிறான். அவள் "தேங்க்ஸ்ண்ணா" என்கிறாள். எந்த வரியில் என்ன பிழை இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. நாளைக்கு அதே பிழை வரும். நாளைக்கும் அந்த அண்ணா வேண்டும்.

பெண்களுக்குக் கணினி வராது என்று இப்போது யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் கணினி வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் வகுப்பில் இடம் கிடைப்பது ஒன்று. சிக்கிக்கொண்டபோது யாரைக் கேட்கலாம், கேட்டால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது வேறொன்று. நிரல் எழுதுவது என்றாலே பாதி நேரம் சிக்கிக்கொண்டு நிற்பதுதான். இருபது வருடமாக எழுதுகிறவர்களும் தினம் யாரையாவது எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உதவி கேட்பது இந்தத் தொழிலின் ஓரத்தில் நடக்கும் காரியம் இல்லை, தொழிலின் நடுவில் நடப்பது. அந்த நடுவில் பெண்ணை எப்படி நிற்க வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

பைத்தானையே எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட மொழி. பெயர் பாம்பிலிருந்து வந்ததல்ல, மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது. கணினி படிக்காதவர்களும் கற்றுக்கொள்ளக்கூடிய மொழி என்பதால் வரலாறு, மொழியியல், இலக்கியம் படிக்கிறவர்களும் இன்று அதைத் தொடுகிறார்கள். எங்களைப் போன்ற தமிழ்த்துறைப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு சொல் சங்கப் பாடல்களில் எங்கெங்கே வருகிறது என்று அட்டை அட்டையாக எழுதி அடுக்கியே முனைவர் பட்டக் காலத்தின் பாதியைக் கழித்த தலைமுறை எங்களுக்கு முன்னால் இருந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அந்தப் பாடல்களை மின்னுரையாகத் தந்துவிட்டது. தேடிப் பிடிக்கப் பத்து வரி நிரல் போதும்.

அந்தப் பத்து வரியில்தான் இடறுகிறது. விண்டோஸ் கணினியில் தமிழ்க் கோப்பு ஒன்றைப் பைத்தானில் திறக்கிறாள் ஒரு மாணவி. பல கணினிகளில் பைத்தான் அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாமல், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகச் செய்த பழைய குறியேற்றத்தில் படிக்கப் பார்க்கும். கோப்பில் 'தமிழ்' என்ற ஒரே சொல் இருக்கிறது என்று வையுங்கள். த, மி, ழ வரைக்கும் எப்படியோ தப்பும் தவறுமாகப் படித்துக்கொண்டு போகும். ழகரத்தின் மேல் இருக்கிற புள்ளியில் வந்து விழுந்துவிடும். புள்ளியைக் குறிக்கும் மூன்று பைட்டுகளில் கடைசியானதற்கு அந்தப் பழைய அட்டவணையில் இடமே கிடையாது. திரையில் வருவது ஐந்தாறு வரி ஆங்கிலமும் ஒரு வசவு போன்ற பிழைச்செய்தியும். கோப்பைத் திறக்கும் வரியில் 'என்கோடிங்' என்பதற்கு யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் தீர்ந்தது. இதை ஒருவர் வாயால் சொன்னால் பத்து நொடி. சொல்ல ஆளில்லாவிட்டால் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் அவள் "எனக்கு இதெல்லாம் வராது மேடம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறாள்.

திறந்தாயிற்று. இப்போது 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. நமக்கு மூன்றெழுத்து. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் வருகிற கணக்கு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டும் சமமா என்று பைத்தானைக் கேட்டால் இல்லை என்கிறது. சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால் இன்னும் வேடிக்கை. யூனிகோடு எண் வரிசையில் றகரம் லகரத்துக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே இயந்திரம் 'கற்பு' என்பதை முதலில் வைக்கிறது, 'கல்வி'யைப் பிறகு வைக்கிறது. நம் அகராதியில் கல்விதான் முதலில் வரும். இந்த ஒன்றிலாவது அகராதி செய்தவர்கள் நம் பக்கம்.

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கற்பு ஏன் கல்விக்கு முன்னால் வருகிறது என்று கேட்கும் பெண், கணினி ஆய்வகத்தில் அன்றைக்குக் கேட்கப்பட்டவற்றிலேயே நல்ல கேள்வியைக் கேட்கிறாள். எழுத்து என்றால் என்ன, வரிசை என்றால் என்ன என்று தொல்காப்பியர் உட்கார்ந்து யோசித்த இடத்துக்கே போகிறாள். அவளுக்குக் கிடைக்கும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "இங்கிலீஷ்ல பண்ணிடலாமே." "தமிழுக்கெல்லாம் எதுக்கு கோடிங்?" "முதல்ல பேசிக்ஸ் படிச்சுட்டு வா." இந்தச் சிக்கல்களுக்காகவே ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகம் இருக்கிறது, அதில் எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வழியும் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அதைச் சொல்லத் தெரியாதவர்தான் பேசிக்ஸ் படிக்கச் சொல்கிறார். அறியாமையை அதட்டலால் மூடுவது நம் வீடுகளில் அப்பாக்களும் சித்தப்பாக்களும் காலங்காலமாகச் செய்துவந்ததுதான். ஆய்வகத்துக்கு வரும்போது அது தொழில் தர்மம் என்று பெயர் மாற்றிக்கொள்கிறது.

இந்தத் தர்மத்துக்கு எழுதப்பட்ட சாத்திரமே உண்டு. எரிக் ரேமண்ட் 2001இல் வெளியிட்ட 'புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி' என்ற ஆங்கில வழிகாட்டி உலகமெங்கும் புதியவர்களின் முகத்தில் வீசப்படுகிறது. அதில் நல்ல யோசனைகள் இருக்கின்றன. என்ன செய்தாய், என்ன வந்தது, என்ன வர வேண்டும் என்று தெளிவாக எழுது என்கிறது. நானும் மாணவிகளுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் கேட்கிறவள் தன் தகுதியை நிரூபித்துவிட்டுத்தான் வாசல் ஏற வேண்டும், ஏறினபின் கிடைக்கும் கடுஞ்சொல்லைத் தாங்கிக்கொள்வதும் அவள் பொறுப்பு என்பது அதன் அடிநாதம். கையேட்டைப் படி என்பதை ஒரு கெட்ட வார்த்தையோடு சேர்த்து நான்கெழுத்தாகச் சுருக்கி வைத்திருக்கிறது அந்த உலகம். 1946இல் அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பேரும் பெண்கள். அவர்களுக்குப் படிக்கக் கையேடே இல்லை. சுற்று வரைபடங்களைப் பார்த்தும், அதைக் கட்டிய பொறியாளர்களைக் கேட்டுக் கேட்டும்தான் கற்றுக்கொண்டார்கள். இயந்திரத்தை உலகுக்குக் காட்டிய நாளில் அவர்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. கையேடு பிறகு வந்தது, அதைக் காட்டி விரட்டுகிறவர்கள் அதற்கும் பிறகு வந்தார்கள்.

2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ உலக நிரலாளர்களின் பொதுக் கிணறாக இருந்தது. தண்ணீர் மொண்டவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள், நானும் மொண்டிருக்கிறேன். அங்கே பெண்கள் ஏன் பேசுவதில்லை என்று டெனே ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கண்ட 14 தடைகளில் ஐந்து பெண்களைக் கூடுதலாகத் தடுப்பவை. தளத்தின் வசதிகள் தெரியாதது, பதில் சொல்லத் தனக்குத் தகுதி போதாது என்ற அச்சம், கூட்டத்தின் அளவைக் கண்ட மிரட்சி, முகம் தெரியாதவர்களை நம்பிப் பேசும் கூச்சம். இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். ஐந்தாவது என்னை நிறுத்தியது. இங்கே நேரம் செலவழித்தால் வேலையைத் தட்டிக்கழிப்பதாக ஆகிவிடுமோ என்ற உறுத்தல். சமையலறையில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது புத்தகம் கையில் இருக்கும் பெண்ணின் உறுத்தல்தான் அது. அமெரிக்க அலுவலகத்திலும் அது கூடவே போய் உட்கார்ந்திருக்கிறது. 2018இல் அந்த நிறுவனமே, தங்கள் இடம் புதியவர்களுக்கும் பெண்களுக்கும் விளிம்புநிலையினருக்கும் பகைமை காட்டும் இடமாகத் தெரிகிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பத்து வருடம் ஆயிற்று ஒப்புக்கொள்ள.

"ஆம்பளப் பசங்களும்தான் திட்டு வாங்குறாங்க" என்பார்கள். வாங்குகிறார்கள்தான். திட்டு வாங்கினவன் அறைக்குப் போய் நண்பனை எழுப்பிக் கேட்கிறான், டீக்கடை பெஞ்சில் சீனியரைக் கேட்கிறான், நள்ளிரவு வரை ஆய்வகத்தில் இருக்கிறான். பெண்கள் விடுதியின் கதவு ஆறு மணிக்கோ ஏழு மணிக்கோ சாத்தப்படுகிறது. அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு அண்ணா. அண்ணாவுக்கு அவள் எண் கிடைத்துவிடுகிறது. முதல் வாரம் நிரலைப் பற்றிக் குறுஞ்செய்தி வருகிறது, மூன்றாம் வாரம் "சாப்டியா" என்று வருகிறது, அப்புறம் "ஏன் ரிப்ளை பண்ணல, காரியம் முடிஞ்சுதுன்னா மறந்துடுவியா" என்று வருகிறது. எல்லா அண்ணாவும் இப்படி இல்லை. ஆனால் எந்த அண்ணா எப்படி என்று முன்கூட்டியே கணிக்க வேண்டிய வேலை முழுக்க அவளுடையது, அந்த வேலைக்கு மதிப்பெண் கிடையாது. அதற்குப் பயந்துதான் பலர் பணத்தைக் கொடுத்து ப்ராஜெக்ட் சென்டரில் முழு நிரலையும் வாங்கிவிடுகிறார்கள். பெண்கள் ப்ராஜெக்டை விலைக்கு வாங்குகிறார்கள் என்று துறைக்கூட்டத்தில் முணுமுணுக்கிறவர்கள் ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பேச மாட்டார்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் நிலைமை மாறிவிட்டது என்று மாணவிகளே சொல்கிறார்கள். "அது திட்டாது மேடம்." இந்த மூன்று சொற்களைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சியும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கேள்வி கேட்டால் திட்டாத ஒன்றை அவர்கள் வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்தித்திருக்கிறார்கள், அது மனிதரில்லை. பயன்படுத்தட்டும். இரவு பதினொரு மணிக்கு விடுதி அறையில் கேட்கக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதுவும் பெரும்பாலும் முழு நிரலையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறது. நகரு, நான் பாத்துக்கறேன். தமிழ் எழுத்தை எண்ணச் சொன்னால் தயக்கமே இல்லாத குரலில் தப்பாகவும் எண்ணித் தரும். இன்னொன்று, அவள் கேட்ட நல்ல கேள்வி அவள் அறைக்குள்ளேயே செத்துப்போகிறது. அடுத்த வருடம் அதே இடத்தில் இடறப்போகிற இன்னொருத்திக்கு அது தெரியாது.

கேட்பதையும் சொல்வதையும் வேறு மாதிரி நடத்திய மரபு நம்மிடமே இருக்கிறது. 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி என்று ஒருத்தி சொன்னால் மற்றவளுக்கு முழுச் செயல்முறையும் விளங்கிவிடும். சிக்குக் கோலத்தில் ஒரு நெளிவு தப்பினால் பக்கத்து வீட்டு அக்கா கோலமாவை வாங்கித் தானே போட்டு முடிப்பதில்லை. விரலால் காற்றில் வளைத்துக் காட்டுவாள். இந்த விதிகளுக்குள் இருப்பது கணினியியல்தான் என்று கண்டு 1974இல் கட்டுரை எழுதியவர்கள் மூன்று பேர். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன். இருவர் பெண்கள், மூவரும் சென்னையில் பணியாற்றியவர்கள். நம் கணினித்துறை மாணவிகளில் எத்தனை பேருக்கு ராணி சிரோமணியின் பெயர் தெரியும்? (கோலத்தை ரொம்பவும் புனிதப்படுத்திவிடவும் வேண்டாம். எந்தத் தெரு வாசலில் எந்தத் தெருக்காரி நின்று பார்க்கலாம் என்பதில் சாதி இருந்தது, இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவள் மட்டும் கேட்கக்கூடிய ஆய்வகமும் அப்படிப்பட்ட வாசல்தான்.)

வெளியிலும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. லினக்ஸ்சிக்ஸ் குழுவுக்கு இரண்டே விதிகள்: மரியாதையாக இரு, உதவியாக இரு. 2011இல் பைலேடீஸ் வந்தது. 2014இல் பெர்லினில் ஜாங்கோ கேர்ள்ஸ் முதல் பட்டறையை நடத்தியது. தமிழில் து. நித்யா 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' எழுதி யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டார். தனி அறை கட்டிக்கொண்டு பெண்கள் ஒதுங்குகிறார்கள் என்ற முனகலும் கூடவே வந்தது. பொது அறையில் மனிதராக நடத்தியிருந்தால் தனி அறைக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆய்வகச் சாவி பெண்கள் விடுதியிலும் ஒன்று இருக்கட்டும். சொல்லிக்கொடுக்கிறவர் யாராக இருந்தாலும், நானாக இருந்தாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சொல்லட்டும். தட்டுவது அவளாக இருக்கட்டும், இரண்டு நிமிடம் இருபது நிமிடம் ஆனால் ஆகட்டும். தீர்ந்த பிழைகளைத் தமிழில் எழுதிவைக்க ஆய்வகத்தில் ஒரு நீளக்கோட்டு நோட்டு கிடக்கட்டும். தமிழ்த்துறையில் கணினித்தமிழ்த் தாளுக்கு வினா எழுதும் தோழிகள், யூனிகோடின் விரிவாக்கம் யாது என்று மனப்பாடக் கேள்வி போடுவதை நிறுத்துங்கள். 'கல்வி', 'கற்பு', 'கனவு', 'கப்பல்' என்று நான்கு சொல்லைக் கொடுத்து அகராதி வரிசையில் அடுக்கும் நிரலை எழுதச் சொல்லுங்கள். கணினி முன்னால், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளைக் கேட்டு எழுதலாம் என்று வினாத்தாளின் மேலேயே அச்சடித்துக் கொடுங்கள்.