மழைக்கால வண்டி எது? பெற்றோரையும் பள்ளி வாரியங்களையும் நோக்கிச் சில கேள்விகள்



செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும், பள்ளி வாயிலில் பெற்றோர் கூடி நின்று பேசும் பேச்சு ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கிறது. "மழை தொடங்கிவிட்டது. இந்தத் தோட்டத்துச் சாலையில் சின்ன வண்டி தாங்காது. ஃபோர் வீல் ஒன்று எடுத்தால்தான் ஆகும்" என்பார் ஒருவர். "அதற்கெல்லாம் எங்கே போவது? வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தேசியப் பள்ளிக்கே பிள்ளையை மாற்றிவிடலாம்" என்பார் மற்றொருவர். முன்னவர் ஒன்பது ஆண்டுக் கடனில் மாட்டிக்கொள்கிறார். பின்னவரால் நம் பள்ளியின் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி அழிகிறது.

இவ்விரு முடிவுகளுமே தவறானவை என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று விளக்குகிறேன். பொறுமையுடன் படியுங்கள்.

கெடாவின் மழை எத்தகையது?

வண்டியைத் தேர்ந்தெடுக்குமுன் மழையை அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா? கிழக்குக் கரையில் ஆண்டிறுதியில் வாரக்கணக்கில் பெய்வதுபோல் நம் மாநிலத்தில் பெய்வதில்லை. சனவரி, பிப்ரவரி மாதங்களில் இங்கே வறட்சிதான். மழை மிகுவது ஏப்ரல் மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும். அதுவும் பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் கொட்டித் தீர்க்கும் மழை. அதாவது, நம் பிள்ளைகள் பள்ளி முடிந்து வீடு திரும்பும் வேளையில் பெய்யும் மழை.

வெள்ளமும் வராமல் இல்லை. 2010 நவம்பரில் அலோர் ஸ்டார் வட்டாரம் நீரில் மூழ்கியது; விமான நிலையம் மூடப்பட்டது; வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஒரு பகுதியிலேயே போக்குவரத்து நின்றது. 2021 ஆகஸ்டு 18-இல் ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையும் சேறுமாய் நீர் இறங்கி யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. 2022 சூலை 4-இல் பாலிங் மாவட்டத்துக் குப்பாங்கிலும் அதே கொடுமை நேர்ந்தது.

ஆக, நம்முன் இருப்பவை இருவேறு ஆபத்துகள். ஒன்று, ஆண்டில் பல நாள் வரும் ஈரச்சாலை. மற்றொன்று, எப்போதோ சில நாள் வரும் வெள்ளம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, சில நாள் வெள்ளத்தை நினைத்து வண்டி வாங்குகிறோம். பல நாள் ஈரச்சாலையில் அதைத் தேய்ந்த டயரோடு ஓட்டுகிறோம்!

பெரிய வண்டி காக்குமா?

முதலில் வெள்ளத்தைப் பார்ப்போம். ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய மகிழுந்தை அடித்துச் செல்லக்கூடும். ஈரடி ஆழம் ஓடினால், ஹைலக்ஸ் போன்ற கனமான வண்டிகளும் தப்புவது அரிது. நீரின் தூக்கு விசைக்கு வண்டியின் விலை தெரியாது. மேலும், கலங்கிய நீருக்கடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதை எந்த வண்டியும் சொல்லாது. இயந்திரம் காற்றை இழுக்கும் வழியாக நீர் புகுந்தால் உள்ளே தண்டுகள் வளைந்து இயந்திரமே பாழாகும். சாதாரண வாகனக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது; அதற்குத் தனிச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்?

அடுத்து, ஈரச்சாலை. நான்கு சக்கர இயக்கம் வண்டியைப் புறப்பட வைக்கும். நிறுத்துமா? சிறிய மகிழுந்துக்கும் நான்கு சக்கரங்களிலும்தானே பிரேக் இருக்கிறது! இன்னொரு செய்தி: நம்மவர் வாங்கும் பிக்கப் வண்டிகள் பெரும்பாலானவை, தார்ச்சாலையில் சாதாரணமாக ஓடும்போது பின் சக்கரங்களால் மட்டுமே இயங்குகின்றன. பின்னால் சுமை இல்லாதபோது, ஈரத்தில் பின்பகுதி வழுக்குவதற்கான வாய்ப்பு மிகுதி. உயரம் கூடிய வண்டி வளைவில் கவிழும் ஆபத்தும் கூடுதல்.

ஆசிரியர் என்ற முறையில் எனக்குள்ள பெரிய அச்சம் வேறொன்று. உயர்ந்த முன்பகுதி கொண்ட வண்டியின் இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு, முன்னால் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை கண்ணில் படுவதில்லை. மழை நாளில் குடையும் வண்டியும் நெருக்கும் பள்ளி வாயிலில், தன் பிள்ளையைக் காக்க வாங்கிய வண்டி பிறர் பிள்ளைக்குக் காலனாகலாம்.

"தோட்டத்து மண்சாலையில் ஃபோர் வீல் பயன்படாதா?" என்று கேட்பீர்கள். பயன்படும், மறுக்கவில்லை. செம்பனை லாரிகள் உழுதுவிட்ட செம்மண் சேற்றில் அதற்கு நிகர் இல்லை. ஆனால், அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டருக்காக ஒரு குடும்பம் ஒன்பது ஆண்டு கடன் சுமக்க வேண்டுமா? அல்லது அந்தச் சாலையைச் செப்பனிடக் கோரித் தோட்ட நிர்வாகத்திற்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாற்பது பெற்றோர் கையொப்பமிட்டு ஒரு மனு அனுப்ப வேண்டுமா? போதாக்குறைக்கு, 2024 சூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே நாளில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதை மறந்துவிட வேண்டாம்.

பனி விழும் நாட்டைப் பாருங்கள்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நம் தமிழர் பலர் வாழ்கின்றனர். அங்கே குளிர்காலத்தில் சாலை பனிக்கட்டியாய் உறையும். அம்மாநில அரசு 2008-ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தி வருகிறது. அனைவரும் ஃபோர் வீல் வாங்க வேண்டும் என்றா? இல்லை. குளிர்காலத்தில் அனைவரும் குளிர்கால டயர் மாட்ட வேண்டும் என்று! ஏழு பாகைக்குக் கீழே சாதாரண டயரின் இரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயர் மென்மையாகவே இருக்கும். சாலையைத் தொடுவது டயர் மட்டுமே என்ற எளிய உண்மையை அவர்கள் சட்டமாக்கினார்கள். இரப்பர் மரம் சீவி வாழ்ந்த பரம்பரையில் வந்த நாம், அந்த இரப்பரின் அருமையை மறந்துவிட்டோம்.

நம் நாட்டுச் சட்டப்படி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மழைக்காலத்திற்கு 3 மில்லிமீட்டராவது இருப்பதே நலம். அந்தப் பள்ளங்கள்தாம் நீரை வெளியேற்றுகின்றன. அவை தேய்ந்துபோனால் டயர் சாலையைவிட்டு நீரின்மேல் மிதக்கும். திசைச் சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். நான்காம் ஆண்டு மாணவனே இதைப் படித்துச் சொல்வான். அவனைக் கொண்டே படிக்கச் செய்யுங்கள். பெரிய வண்டிக்குக் கட்டும் ஒரு மாதத் தவணையைக் கொண்டே சிறிய மகிழுந்துக்கு நான்கு நல்ல டயர்கள் வாங்கிவிடலாம்.

மோட்டார் சைக்கிளில் மூவர்

வசதி உள்ளோரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அது அறமாகாது. நம் பிள்ளைகளில் பலர் மோட்டார் சைக்கிளில்தான் வருகின்றனர். மோடெனாஸ் ஆலை நம் மாநிலத்தின் குரூணில்தான் இருக்கிறது. 1996-இல் அங்கிருந்து வெளிவந்த கிறிஸ் வண்டி எத்தனையோ தோட்டக் குடும்பங்களின் முதல் வாகனம். ஆனால், இந்நாட்டின் சாலை மரணங்களில் பத்தில் ஆறுக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் சென்றோருடையவை. ஓட்டுநருக்குப் பின் ஒருவரே அமரலாம் என்பது சட்டம். நம் பள்ளி வாயிலில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு எனப் பிள்ளைகள் வருகின்றனர். மழையங்கிக்குள் மூடப்பட்ட பிள்ளை ஒன்றும் தெரியாமல் தந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறது. தலைக்கவசமோ அப்பாவின் பழையது, ஆடுகிறது.

வேறு வழியில்லாத அந்தப் பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். அவர்களுக்கு வேறு வழி அமைத்துக் கொடுக்காத நம் அனைவரையும் கேட்கிறேன்.

அப்படியானால் எந்த வண்டி?

என் விடை இதுதான்: உரிமம் பெற்ற, நல்ல டயர் கொண்ட, இருக்கைக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் ஓடும் பள்ளி வேன். பத்துப் பதின்மூன்று குடும்பங்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஒரே வண்டி.

"வேன் மட்டும் பாதுகாப்பா?" என்ற கேள்வி நியாயமானது. 2025 சூன் 9-இல் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மாண்டதை நாடே அழுதுகொண்டு பார்த்தது. கூட்டமாய் ஏற்றிச் செல்லும் வண்டி பழுதானால் இழப்பும் கூட்டமாகவே நேரும். ஆகவேதான் கேட்டுத் தெரிந்து ஏற்ற வேண்டும். வேன்காரரிடம் பெற்றோர் கேட்க வேண்டியவை:

1. பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற உரிமம் இருக்கிறதா? ஓட்டுநருக்கும் உரிய உரிமம் உண்டா?
2. ஆறு மாதத்திற்கு ஒருமுறை செய்யவேண்டிய வாகனச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது?
3. டயர் எந்த ஆண்டுடையது?
4. இருக்கை எத்தனை? பிள்ளைகள் எத்தனை பேர்?
5. வழியில் நீர் ஓடினால் என்ன செய்வீர்?

ஐந்தாம் கேள்விக்குச் சரியான விடை, "திரும்பிவிடுவேன்" என்பது மட்டுமே. "மெதுவாய்க் கடந்துவிடுவேன்" என்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். மாதத்திற்கு இருபது வெள்ளி குறைவு என்பதற்காகப் பிள்ளைகளை அடைத்து ஏற்றும் வண்டியைத் தேடிச் செல்வதும் வேண்டாம்.

வாரியங்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

நம் தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் தோட்டத்தில் நிற்கின்றன. மக்களோ சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் எனப் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குச் சென்றுவிட்டனர். லயத்திலிருந்து நடந்து வந்த காலம் போய்விட்டது. இன்று நம் பள்ளியின் உயிர் சாலையில் ஓடுகிறது. 150 மாணவருக்கும் குறைந்த சிறிய பள்ளிகளில் ஒரு வேன் நின்றுபோனால், ஒரு வகுப்பே காணாமற் போகும்.

இதை அறிந்தும் நாம் நன்கொடையை எதில் செலவிடுகிறோம்? நுழைவாயில் வளைவிலும், மேடைத் திரையிலும், பெயர் பொறித்த கல்வெட்டிலும்! வளைவு அழகுதான். அதன்கீழ் நுழையப் பிள்ளை வேண்டாமா? வேன் கட்டணம் கட்ட இயலாத பத்துக் குடும்பங்களுக்கு ஓராண்டு உதவினால், அது கல்வெட்டைவிட நீண்டு நிற்கும். பிரதான சாலையில் கூரையோடு ஒரு நிறுத்தம் கட்டினால், வேன் சேற்றுக்குள் இறங்க வேண்டியதே இல்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "முழு வருகை"ப் பரிசை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள்கூட விடாமல் வந்தவனுக்குக் கோப்பை தருகிறோம். வெள்ளம் ஓடும் காலையில், அந்தக் கோப்பைக்காகத் தந்தையை நச்சரிக்கும் பிள்ளையை யார் உருவாக்கியது? வெள்ள நாளில் வராததை வராமையாக எண்ணமாட்டோம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். வெள்ளத்திற்கு ஏற்ற வண்டி, வீட்டில் நிற்கும் வண்டிதான்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வண்டியைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். அதற்குமுன், இன்று மாலையே உங்கள் வண்டியின் டயரைக் குனிந்து பாருங்கள்.