யயாதியும் கித்தா மரமும்

நீண்டகாலம் வாழ ஆசைப்படுவோர் காண்டேகரின் ‘யயாதி’ நாவலைப் படிக்க வேண்டும். 1959இல் மராத்தியில் வந்தது. 1974இல் ஞானபீட விருது பெற்றுத் தந்தது. பாரதத்து யயாதி, மகன் புருவின் இளமையை வாங்கி ஆயிரம் ஆண்டு அனுபவித்தும் ஆசை அடங்காதவன்.

அந்தக் கதை என்றாலே எனக்குப் பேராக் தோட்டங்கள் நினைவுக்கு வரும். அங்கே கதை தலைகீழ். அப்பாக்கள்தாம் தங்கள் இளமையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கித்தா மரத்தையே 25, 30 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்வார்கள். அதற்கும் மேலாக மரம் சீவியவர்கள் உண்டு. இன்று கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும். பெரியவர்கள் லயத்தில் தனியே.

யயாதிகூட வாங்கியதைக் கடைசியில் திருப்பிக் கொடுத்தான். நாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாவது கொடுக்கலாமே!