தூங்கினவன் குற்றமா? தூங்கவிடாதவன் குற்றமா?

விடியற்காலையில் லாரி ஒன்று ரஸ்தாவை விட்டு விலகி மரத்தில் மோதிற்றென்றால், “டிரைவர் கண் அயர்ந்ததே காரணம்” என்று மறுநாள் பத்திரிகையில் ஒரு வரியோடு காரியம் முடிந்துபோகின்றது. ஊரார் “தலைவிதி” என்கின்றார்கள். முதலாளி “அஜாக்கிரதை” என்கின்றார். பிறகு புது லாரிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி, அதே வேலைக்கு வேறொரு ஆளை ஏற்றி அனுப்பிவிடுகின்றார்கள். செத்தவன் அதற்கு முன் எத்தனை மணி நேரம் விழித்திருந்தான் என்று கேட்பாரில்லை. நாம் அதைத்தான் கேட்கின்றோம்.

1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்துப் பார்த்ததில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவனுடைய கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் சாராயம் ஏறியவனுடையதைப் போலவே தடுமாறக் கண்டார்கள். நம் நாட்டு மோட்டார் சட்டமோ 0.03 சதவிகிதத்தைத் தாண்டினாலே குற்றம் என்கின்றது. அப்படியானால் குடித்து ஓட்டினவனுக்கு ஜெயிலும் அபராதமும், தூங்கவிடாமல் ஓட்டச் சொன்னவனுக்கு லாபமும் என்பது எந்த ஊர் நியாயம்?

இது லாரிக்காரர் சங்கதி மாத்திரமல்ல. 1988 டிசம்பர் 12-ந் தேதி லண்டன் கிளாப்பாமில் ரயில்கள் மோதி 35 பேர் மாண்டார்கள். சிக்னல் வேலையில் பழைய கம்பி ஒன்றைச் சரியாக அகற்றாமல் விட்டதே காரணம். அந்தக் கம்பி வேலைக்காரர் 13 வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு கண்டவர் என்பது விசாரணையில் வெளிவந்தது. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறி, சுமார் 4 கோடி லிட்டர் எண்ணெய் கடலில் கொட்டிற்று. ஜனங்கள் காப்டன் குடித்த கதையையே பேசினார்கள். அமெரிக்க விசாரணைக் குழுவோ, கப்பலைச் செலுத்திய அதிகாரியின் களைப்பையும், ஓய்வெடுத்த ஆட்களைப் போதுமான அளவு வைக்காத கம்பெனியையும் சேர்த்தே குற்றங்கூறிற்று.

உயிரைக் காக்கும் ஆஸ்பத்திரியின் யோக்கியதையும் இதுவே. நியூயார்க்கில் 1984-ல் ஒரு இளம்பெண் ஆஸ்பத்திரியில் மாண்டு, அதன்மேல் கிளர்ச்சி உண்டான பிறகுதான், 1989-ல் பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்துக்கு 80 மணி, ஒரே மூச்சில் 24 மணி என்று வரம்பு கட்டினார்கள். வரம்பே இதுவென்றால், அதற்கு முன்னிருந்த லட்சணத்தை யூகித்துக்கொள்ளலாம்.

“தொழிலாளியே ஓவர்டைம் கேட்கின்றானே” என்பார்கள். எட்டு மணிக் கூலியில் குடும்பம் நடக்குமானால் எவன் கேட்பான்? அரை வயிற்றுக் கூலி கொடுத்துவிட்டு அவன் சம்மதத்தைக் காட்டுவது, பசித்தவனிடம் சீட்டு எழுதி வாங்குவது போன்றதேயாகும்.

மோட்டார் தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961-லேயே சட்டம் எழுதியாயிற்று. எழுத்தில் இருந்தது ரஸ்தாவில் இருந்ததா? அது போதாதென்று, 2023 ஏப்ரலில் சென்னைச் சட்டசபையில் தொழிற்சாலைகளுக்கு 12 மணி வேலை மசோதா நிறைவேறிற்று. தொழிலாளர் எதிர்ப்பு கிளம்பியதால்தான் மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. கேட்காத வரையில் எவரும் கொடுக்கப்போவதில்லை என்பதற்கு வேறு ருஜு வேண்டுமா?

ஆகவே தோழர்களே! இனி விபத்தென்றால் முதலில் வேலை நேரக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் ஓய்வு இல்லையென்று தெரிந்தால், அந்த நேரத்தை வகுத்தவனையும் கூண்டில் ஏற்றச் சொல்லுங்கள். அது நடக்கும்வரை, “கண் அயர்ந்தான்” என்னும் வார்த்தை முதலாளிக்குச் செய்யும் வக்காலத்தேயொழிய வேறில்லை.