கேளாமல் எடுத்த காணிக்கை

அமெரிக்க அபேட்சகர்கள் இன்டர்நெட்டைக் கைக்கொண்ட வரலாற்றில் ஒபாமாவின் 2008-ஆம் ஆண்டு வெற்றியே பெரிதும் பேசப்படுகிறதெனினும், கிரெடிட் கார்டு மூலம் இணையத்தில் வரும் நன்கொடைக்கும் அரசாங்கம் அதற்கு ஈடாகத் தரும் மானியம் உண்டென்று 1999-இல் அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் அறிவித்ததே அதற்கு வழி திறந்தது. மறு வருஷம் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்த அபேட்சகர் மெக்கெயினுக்குச் சில தினங்களுக்குள் 10 லட்சம் டாலருக்கு மேல் அவ்வழியே வந்து குவிந்தது. வெர்மான்ட் முன்னாள் கவர்னர் ஹவர்ட் டீன் சிறு தொகைகளைக் கொண்டே 2003-இல் முன்னணிக்கு வந்தும், பின்னர் அயோவா உட்கட்சித் தேர்தலில் தோற்றார். ஒபாமாவோ, ஃபேஸ்புக்கை நிறுவியவர்களுள் ஒருவரான கிறிஸ் ஹியூஸைத் துணைக்கொண்டு, சுமார் 30 லட்சம் பேரிடமிருந்து இணையத்தில் மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். அந்நன்கொடைகளில் மிகப் பெரும்பாலானவை நூறு டாலரோ அதற்குக் குறைந்தவையோ ஆகும்.

தனவந்தர்களின் விருந்து மண்டபத்துக்கு வெளியே நின்ற சாமானியப் பிரஜை, தன் இருபது டாலருக்கும் அரசியலில் மதிப்புண்டென்று கண்டுகொண்டது மகத்தான நன்மை. அதை எவர் பழித்தாலும் நான் ஒப்பேன்.

ஆனால் இணையக் கடையின் சௌகரியத்தோடு அதன் தந்திரங்களும் தேர்தலுக்குள் பிரவேசித்துவிட்டன. 2020-இல் டிரம்ப்பின் நன்கொடைப் பக்கத்தில், பணம் மீண்டும் மீண்டும் பிடிக்கப்படலாம் என்பதற்கான கட்டத்தில் சம்மதக் குறி முன்கூட்டியே இடப்பட்டிருந்தது. மாதந்தோறும் என்றிருந்த அது பின்னர் வாரந்தோறும் என்றாயிற்று. தடித்த எழுத்தில் ஆவேச வாசகங்கள் மேலே நிற்க, உண்மையான நிபந்தனை கீழே சிறிய எழுத்தில் ஒதுங்கிக் கிடந்தது. ஒருமுறை கொடுத்ததாக எண்ணியிருந்த முதியவர்கள், கணக்கிலிருந்து பணம் கரைவதைக் கண்டு வங்கிகளிடம் முறையிட்டார்கள். அத்தேர்தலில் அவர் தரப்பு திருப்பித் தர நேர்ந்தது 12 கோடி டாலருக்கு மேல். எதிர்க்கட்சியிலும் சிலர் இவ்வுபாயத்தைக் கையாண்டதுண்டு. கடைக்காரன் செய்தால் வஞ்சகமெனப்படுவதை, நாட்டை ஆள வரம் கேட்பவர் செய்யும்போது சாமர்த்தியமென்று எப்படிச் சொல்வது? விரும்பிக் கொடுக்க வந்தவரிடமே அல்லவா இது நடந்தது!

இத்தகைய முன்குறிகளைத் தடை செய்யவேண்டுமென்று, கட்சிப் பிளவுக்குப் பேர்போன அத்தேர்தல் ஆணையமே 2021 மே மாதம் ஏகமனதாக அமெரிக்கக் காங்கிரஸுக்குச் சிபாரிசு செய்தது. அச்சிபாரிசு முழுவதும் சட்டமாக வேண்டும். கொடுப்பவர் தம் கையால் குறியிட்டாலன்றி இரண்டாவது தவணை எதுவும் எந்தக் கட்சியின் கணக்குக்கும் போகக்கூடாது.